பூப்பதற்கு ஆகும் செலவு

“பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே பூக்கும் குறிஞ்சி பூத்தது” என்று படத்தோடு செய்தி வருகிறது. அடுத்த வருடமும் அதே செய்தி வருகிறது, வேறொரு மலையின் படத்தோடு. எதை நம்புவது என்று வாசகர் குழம்புவதில் தப்பில்லை. ஆனால் இந்தக் குழப்பத்துக்கு அடியில் இன்னொரு கேள்வி கிடக்கிறது. ஒரு செடி ஏன் பன்னிரண்டு வருடம் காத்திருக்க வேண்டும்? மலையடிவாரத்து வரப்பில் முளைக்கும் தும்பை சில வாரங்களிலேயே பூத்துவிடுகிறதே? ரோட்டோர எருக்கு வருடம் முழுக்கப் பூத்தும் காய் நாலைந்துதானே பிடிக்கிறது?

மூன்றுக்கும் பதில் ஒரே கணக்கில் இருக்கிறது: செடி தன் சத்தில் எவ்வளவைப் பூவுக்கும் விதைக்கும் கொடுக்கிறது, எப்போது கொடுக்கிறது என்ற கணக்கு. பூ நிறைய இருந்தால் செடி செழிப்பாக இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பல சமயம் அது சரியில்லை.

## சத்து எங்கே வருகிறது, எங்கே போகிறது

இலை வெயிலை வைத்துச் சர்க்கரை செய்கிறது. வேர் தண்ணீரையும், அதோடு தழைச்சத்து, மணிச்சத்து முதலியவற்றையும் கொண்டுவருகிறது. இந்த வரவு மூன்று வழியில் பிரிகிறது.

1. வளர்ச்சி: புது இலை, தண்டு, வேர்.
2. இருப்பும் காவலும்: கிழங்கிலும் வேரிலும் சேமிப்பு, முள், பால், கசப்பு, சும்மா உயிரோடு இருப்பதற்கே ஆகும் மூச்சுச் செலவு.
3. இனப்பெருக்கம்: மொட்டு, இதழ், தேன், மகரந்தம், சூல், காய், விதை.

ஒன்றுக்குப் போனது மற்றொன்றுக்குக் கிடையாது. சூழலியலில் இதைப் பங்கீட்டு விதி என்பார்கள். பறவைகள் எத்தனை முட்டை இடுகின்றன என்பதை விளக்க மார்ட்டின் கோடி என்ற ஆய்வாளர் 1966இல் இந்த விதியைக் கையாண்டார். பிறகு அது செடிகளுக்கும் வந்தது.

மூன்றாவது வழியில் போகும் சரக்கைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் உடன்குடிப் பக்கம் ஒரு பனையடியில் நின்றால் போதும். பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் பதநீர் சொட்டுகிறது. பனை தன் பூவுக்கும் காய்க்கும் அனுப்பிய சர்க்கரைத் தண்ணீர் அது. வழியில் மனிதன் மறித்துக்கொள்கிறான். அதனால்தான் பெண்பனையில் சீவிய பாளையில் நுங்கு கிடைக்காது. கருப்பட்டியைக் கடிக்கிறவர் ஒரு மரத்தின் இனப்பெருக்கச் செலவைத்தான் கடிக்கிறார். பனை காட்டுப் பூ இல்லைதான். ஆனாலும் செடிக்குள் நடக்கும் பங்கீட்டை இவ்வளவு வெளிச்சமாகக் காட்டும் மரம் எங்கள் திருநெல்வேலிச் சீமையில் வேறு இல்லை.

ஆய்வாளர்கள் இதை அளப்பது தராசில். செடியை வேரோடு எடுத்து, பாகம் பாகமாகப் பிரித்து, உலர்த்தி, எடை போடுவார்கள். மொத்த உலர் எடையில் பூ, காய், விதையின் பங்கு எவ்வளவோ அதுதான் இனப்பெருக்கப் பங்கு. தானாக வளரும் ஒருபருவச் செடிகளில் விதைக்கு மட்டுமே தோராயமாக நூற்றுக்கு 15 முதல் 30 வரை போகிறது. பல்லாண்டுப் பூண்டுகளில் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. நெல், கம்பு போன்ற பயிர்களில் இந்தப் பங்கைத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து உயர்த்தியது உழவர்கள்.

தராசுக்கு இரண்டு குறைகள் உண்டு. மகரந்தத்தின் எடை அற்பம், ஆனால் அதில் புரதம் அதிகம். செடிக்குக் கிடைப்பதற்கு அரிதான தழைச்சத்தை அது விழுங்குகிறது. இன்னொன்று, பச்சையான புல்லியும் பிஞ்சும் தாங்களே கொஞ்சம் சர்க்கரை செய்துகொள்கின்றன. பஸ்ஸாஸ், கார்ல்சன், ஹார்ப்பர் மூவரும் 1979இல் பல மரங்களை அளந்தபோது, சிலவற்றில் பூவும் காயும் தம் செலவில் நூற்றுக்கு இரண்டு பங்கைத்தான் தாமே ஈட்டின. சிலவற்றில் அறுபதுக்கும் மேல். பிள்ளைகளில் சம்பாதிக்கிற பிள்ளையும் உண்டு.

## ஒரே தடவையா, பல தடவையா

தாமிரபரணிக் கரையில் வாழை வைத்திருப்பவருக்கு இந்தப் பகுதியை விளக்கவே வேண்டாம். குலை தள்ளிய மரம் அதோடு முடிந்தது. அடுத்த குலை பக்கக்கன்றில்தான். ரயில் தண்டவாளத்து வேலியில் நிற்கும் ஆனைக்கற்றாழையும் அப்படியே. பல வருடம் சேர்த்ததையெல்லாம் ஒரு கம்பமாக வானத்தில் ஏற்றிப் பூத்துவிட்டுக் காய்ந்துபோகும். இவை ஒருமுறை பூப்பவை. ஆவாரை, எருக்கு, கொழுஞ்சி போன்றவை பலமுறை பூப்பவை. எது லாபம்?

1954இல் லாமான்ட் கோல் என்ற அமெரிக்க உயிரியலாளர் ஒரு புதிர் போட்டார். ஒரு செடி சாகாமல் ஆண்டுதோறும் விதை போடுகிறது. இன்னொன்று ஒரே வருடத்தில் விதைத்துவிட்டுச் சாகிறது. செத்துப்போகும் செடி ஒரே ஒரு விதை கூடுதலாகப் போட்டால் போதும், இரண்டின் வம்சமும் ஒரே வேகத்தில் பெருகும் என்று கணக்கில் காட்டினார். அப்படியானால் பல்லாண்டுச் செடி என்று ஒன்று பூமியில் இருக்கவே கூடாது!

ஓட்டை எங்கே என்று எரிக் சார்னாவும் வில்லியம் ஷாஃபரும் 1973இல் கண்டுபிடித்தார்கள். முளைத்த பிள்ளையும் வளர்ந்த தாயும் ஒரே அளவில் பிழைக்கும் என்று கோல் வைத்துக்கொண்டார். நிலத்தில் அப்படி நடப்பதில்லை. கணக்கைக் கற்பனை எண்களில் போட்டுப் பார்ப்போம்.

1. விழுந்த 100 விதைகளில் 1 மட்டும் தேறி அடுத்த வருடம் பூக்கிறது.
2. வளர்ந்த செடிகள் 100 இருந்தால் 50 அடுத்த வருடமும் நிற்கின்றன.
3. ஆக, இன்று நிற்கும் ஒரு தாய்க்கு அடுத்த வருடக் கணக்கில் அரைச் செடி மதிப்பு. அந்த அரைச் செடியை விதையால் ஈடுகட்ட 50 விதைகள் வேண்டும்.
4. எனவே, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒதுக்கும் சத்தை மொத்தமாகப் பூவில் போட்டு, வழக்கத்தைவிட 50க்கு மேல் விதை கூட்ட முடிந்தால்தான் சாவது லாபம்.

இப்போது இரண்டாவது வரியை மட்டும் மாற்றுங்கள். அந்த நிலத்தை வருடாவருடம் டிராக்டர் உழுகிறது. 100 செடியில் 1தான் தப்புகிறது. ஈடுகட்ட வேண்டிய விதை 50லிருந்து ஒன்றாக இறங்கிவிடும். கோல் சொன்ன அதே ஒன்று! அங்கே சேமித்து வைக்கும் செடி ஏமாளி. கிடைத்ததையெல்லாம் பூவாக்கிவிட்டுப் போவதே புத்திசாலித்தனம்.

ஒரு செடி எவ்வளவு பூக்க வேண்டும் என்பதைப் பெருமளவு முடிவு செய்வது இந்த விகிதம்தான். தாய் பிழைக்கும் வாய்ப்பு ஒரு தட்டில், பிள்ளை பிழைக்கும் வாய்ப்பு மறுதட்டில்.

## மூன்று நிலம், மூன்று கணக்கு

திருநெல்வேலிச் சீமையில் இந்தத் தராசு சில மைலுக்கு ஒருமுறை சாய்வு மாறுகிறது. ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவம் குற்றாலம், தென்காசிப் பக்கம் சாரலைக் கொட்டிவிட்டு, கிழக்கே வெறும் காற்றாக வருகிறது. சமவெளிக்கு மழை என்பது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகைதான்.

மானாவாரிப் புஞ்சை. இங்கே ‘காடு’ என்றாலே ஊரார் சொல்வது இதைத்தான். காட்டுக்குப் போயிருக்கிறார் என்றால் புலி பார்க்கப் போனார் என்று பொருளில்லை. மழை விழுந்ததும் தும்பையும் நெருஞ்சியும் முளைக்கின்றன. கோடையும் கலப்பையும் எப்படியும் அவற்றை முடித்துவிடும். பருவத்தின் நீளம் உறுதியாகத் தெரிந்தால் சிறந்த திட்டம் எது என்று டான் கோஹன் 1971இல் கணக்கிட்டார்: முதலில் முழுக்க இலை, ஒரு நாளில் சட்டென்று திரும்பி முழுக்கப் பூ. நடுவில் சமரசம் கிடையாது. ஆனால் நம் ஊர் மழைக்கு அந்த உறுதி ஏது? கார்த்திகையோடு நிற்கலாம், தையிலும் ஒரு மழை வரலாம். அதனால் இங்கே பல களைச்செடிகள் விரலளவு இருக்கும்போதே பூக்கத் தொடங்கி, மழை நீடித்தால் வளர்ந்துகொண்டே பூக்கின்றன. விதைகளும் எல்லாம் ஒரே மழையில் முளைப்பதில்லை. ஒரு பகுதி மண்ணுக்குள் உறங்கிக் கிடக்கும். அந்த உறக்கமும் ஒரு செலவுதான், முதல் மழை ஏமாற்றினால் மிஞ்சுவதற்காகக் கொடுக்கும் விலை.

தேரி. குதிரைமொழித் தேரியின் செம்மணல் ஆடிக்காற்றில் நகர்கிறது. முளையை மூடும், அல்லது வேரை வெளியே காட்டும். பிள்ளை பிழைப்பது அரிது. ஒருமுறை வேர் ஆழமாகப் போய்விட்ட தாய் பல வருடம் நிற்கும். இங்கே முதல் செலவு வேருக்கு. கொழுஞ்சியைப் பிடுங்கிப் பார்த்தவருக்குத் தெரியும், வெளியே தெரிகிற செடியைவிட உள்ளே இறங்கியிருக்கும் வேர் பிடிவாதமானது. உடைமரமும் அப்படித்தான் நிற்கிறது.

மூன்றாவது மலை. அங்கேதான் குறிஞ்சிக் கதை.

## குறிஞ்சிச் செய்தி ஏன் வருடந்தோறும் வருகிறது

‘குறிஞ்சி’ என்று நாம் சொல்வது ஒரு செடியை அல்ல, ஒரு பெரிய குடும்பத்தை. ஸ்ட்ரோபிலாந்தஸ் என்ற அந்தப் பேரினத்தில் 350க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பொதிகை மலைச் சோலைகளின் அடிப்புதரிலும் பல இனங்கள் வளர்கின்றன. சில ஆண்டுதோறும் பூக்கும், சில பல ஆண்டு இடைவெளியில். செய்தியில் வரும் பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு நீலக்குறிஞ்சி என்ற இனத்துக்கு உரியது. நீலகிரியிலும் மூணாறிலும் அது 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, அடுத்து 2030. இதற்கு இடையில் வரும் படங்கள் வேறு இனமாகவோ, வேறு ஆண்டில் கணக்கைத் தொடங்கிய வேறு மலைக்கூட்டமாகவோ இருக்கும். செய்தி பொய்யில்லை. ‘பன்னிரண்டு’ என்ற எண்ணை எல்லாக் குறிஞ்சிக்கும் ஒட்டுவதுதான் பிழை.

சரி, ஏன் காத்திருக்கிறது? சத்து சேர்ப்பதற்கு என்பது பாதிப் பதில். சேர்ந்தவுடன் அதது தன் பாட்டுக்குப் பூக்கலாமே, ஏன் மலையே சேர்ந்து பூக்கிறது? மூங்கிலை வைத்து டேனியல் ஜான்சன் 1976இல் தந்த விளக்கம் இங்கே உதவும். எலியும் பறவையும் பூச்சியும் விதை தின்னும். வருடாவருடம் கொஞ்சம் கொஞ்சமாக விதை போட்டால் அவை வருடாவருடம் வயிறு நிறைந்து பெருகும். பல வருடம் ஒன்றுமே கொடுக்காமல் இருந்துவிட்டு ஒரே பருவத்தில் மலையளவு கொட்டினால், தின்ன வந்தவை தின்று சலித்த பிறகும் விதை மிஞ்சும். தனியாக முந்திப் பூத்த செடியின் விதை மொத்தமும் வாய்க்குள் போய்விடும்; அதன் வம்சம் அங்கேயே அறும். கூட்டத்தோடு சேராதவனை எலி கழித்துக் கட்டுகிறது என்பதால்தான் நாள்காட்டி இல்லாமலே நாள் தவறாமல் இருக்கிறது.

## பூவுக்குள் ஒரு பாகப்பிரிவினை

இதுவரை பேசியது எவ்வளவு என்று. ஒதுக்கிய சத்து பூவுக்குள் எப்படிப் பிரிகிறது என்பது அதைவிடச் சுவையானது.

எருக்கம்பூ ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஐந்து மூலைக் கிரீடம், அதன் உச்சியில் தட்டையான ஐங்கோண மேசை. மேசையின் ஓரத்தில், ஒவ்வொரு மூலையிலும் கடுகைவிடச் சின்னதாய் ஒரு கரும்புள்ளி. ஊசிமுனையை அதில் கோத்து மெல்லத் தூக்கினால், புள்ளியோடு சேர்ந்து இரண்டு மஞ்சள் பைகள் மேலே வரும், குட்டித் தராசுபோல. மகரந்தம் தூளாக இல்லாமல் இப்படிப் பொட்டலமாகக் கட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கரும்புள்ளிதான் கவ்வி; கருவண்டின் காலில் அது மாட்டிக்கொள்ளும். அடுத்த பூவில் பொட்டலம் சரியான பிளவுக்குள் விழுந்தால் அந்த ஒரு பொட்டலமே ஒரு காய்க்குப் போதும். தவறினால் எல்லாம் போச்சு.

அதனால்தான் பூவுக்கும் காய்க்கும் இத்தனை இடைவெளி. இந்தக் கூட்டத்துச் செடிகளில் பொதுவாக நூறு பூவுக்கு ஐந்து காய்கூடத் தேறாது. மீதிப் பூ வீணா? இல்லை.

1. பூக்கும் ஒவ்வொன்றும் அப்பன் வேலையும் பார்க்கிறது. காய்க்காத பூவின் பொட்டலம் வேறொரு செடியில் காயாகியிருக்கலாம். 
2. பூ மலிவு, காய் விலை உயர்ந்தது. பட்டுப் பஞ்சோடு நூற்றுக்கணக்கான விதைகளை நிரப்பச் செடியால் சில காய்களுக்குத்தான் கட்டுப்படியாகும். 
3. பிஞ்சு விட்ட பிறகும் சிலவற்றை உதிர்த்துவிடலாம். எது தேறும் என்று பார்த்துச் செலவு செய்ய அது வழி.

மலிவு என்பதும் ஒப்பீட்டுக்குத்தான். எருக்கின் வட அமெரிக்க உறவான மில்க்வீட் செடியில், அன்றன்று இலை செய்யும் சர்க்கரையில் நூற்றுக்கு 37 பங்குவரை தேனுக்கே போவதாக சவுத்விக் 1984இல் அளந்தார்.

ஆவாரை வேறு தினுசு. அதில் தேனே கிடையாது. அந்தச் செலவை அது ஒழித்துவிட்டது. கூலி மகரந்தம்தான். பத்து மகரந்தத் தாள்களில் மேலே உள்ள மூன்றும் மலடு. மற்றவற்றின் பைகளில் நுனியில் மட்டும் சிறு துளை. வண்டு பூவைக் கட்டிப்பிடித்து உடம்பை அதிரவைத்தால்தான் துளை வழியாகத் தூள் பீறிடும். காலையில் ஆவாரம் புதர் அருகே நின்றால் கேட்கலாம்: பறக்கும்போது ஒரு சுருதி, பூவில் உட்கார்ந்ததும் சட்டென்று மேலே ஏறும் இன்னொரு சுருதி. நடுவிலுள்ள சின்னத் தாள்கள் வண்டு தின்பதற்கு. கீழே வளைந்து நிற்கும் பெரியவை வண்டின் உடம்பில் பூசி அடுத்த பூவுக்கு அனுப்ப. கூலியும் சரக்கும் தனித்தனிப் பெட்டியில்.

## பெரிய விதையா, நிறைய விதையா

ஒரு கைப்பிடிச் சத்தை ஆயிரம் தூசு விதையாகவும் ஆக்கலாம், பத்துக் கனத்த விதையாகவும் ஆக்கலாம். பிள்ளை எந்த இடத்தில் விழுகிறதோ அந்த இடத்துக்குத் தக்க ஒரு அளவு இருக்கும் என்று ஸ்மித்தும் ஃப்ரெட்வெலும் 1974இல் காட்டினார்கள். மலையின் ஆர்கிட்கள் தூசு விதை வழியின் எல்லை. விதைக்குள் கட்டுச்சோறு எதுவும் வைப்பதில்லை. முளைத்த பிள்ளைக்கு மண்ணிலோ மரப்பட்டையிலோ உள்ள பூஞ்சைதான் சோறு போட வேண்டும்.

இரண்டு வழியையும் ஒரே செடி கைக்கொண்டால்? உளுந்து, பருத்திக் காட்டில் களையாகக் கிடக்கிறதே கானாவாழை, அதுதான். காலையில் விரிந்து உச்சிக்குள் வாடும் நீலப் பூவை எல்லோரும் பார்த்திருப்பார்கள். செடியைக் கவனமாகத் தோண்டினால் வேறொன்று தெரியும். அடித்தண்டிலிருந்து வெளுத்த கிளைகள் மண்ணுக்குள் இறங்கியிருக்கும். அவற்றில் திறக்கவே திறக்காத பூக்கள். இதழ் காட்ட வேண்டியதில்லை, வண்டை அழைக்க வேண்டியதில்லை. உள்ளேயே தன்மகரந்தம் சேர்ந்து, அங்கேயே காயாகும். மேலே உள்ள காயில் பெரிய விதை ஒன்று, சிறியவை நான்கு. மண்ணுக்குள் உள்ள காயில் பெரியது ஒன்று, சிறியவை இரண்டு. ஆக நான்கு வகை விதை. அவற்றில் மண்ணடியில் உண்டாகும் பெரிய விதைதான் எடை மிகுந்தது, எண்ணிக்கையில் குறைந்தது. மேலே உள்ள விதைகள் புது இடம் தேடுவதற்கு. கீழே உள்ளவை தாய் ஏற்கனவே பிழைத்துக் காட்டிய அதே இடத்தில் முளைப்பதற்கு.

திறக்காத பூவில் எவ்வளவு மிச்சம் என்று எண்ணிப் பார்த்தவர் ராபர்ட் க்ரூடன். அயல்மகரந்தத்தை நம்பும் செடிகளில் ஒரு சூலுக்குச் சராசரியாகச் சுமார் 5,800 மகரந்தத் துகள்; மூடிய பூக்களில் ஐந்துக்கும் குறைவு. அது 1977. கானாவாழையைக் கொத்திக் கொத்திச் சலித்த கைகளுக்கு, மேலே பூவைக் கிள்ளுவதால் அது அடங்காது என்பது அதற்கு வெகுகாலம் முன்பே தெரியும்.

## செலவு நிஜமாகவே செடியை இளைக்க வைக்குமா

கணக்கு காகிதத்தில் அழகாக இருக்கிறது. செடிக்கு உறைக்கிறதா? இரண்டு சோதனைகள் போதும்.

அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் இளஞ்சிவப்புச் செருப்பு ஆர்கிட் ஒன்று உண்டு. பூச்சியை ஏமாற்றும் பூ. தேன் கிடையாது, காய் பிடிப்பதே அபூர்வம். பிரிமாக்கும் ஹாலும் அதில் கையால் மகரந்தம் வைத்துக் காய்க்கவிட்டு நாலு வருடம் தொடர்ந்தார்கள். காய்த்த செடிகள் அடுத்தடுத்த வருடங்களில் சிறுத்தன, பூக்கும் வாய்ப்பும் குறைந்தது. அவர்களின் கட்டுரை 1990இல் வந்தது.

அடுத்த ஆண்டே கிரஹாம் பைக் ஒரு ஆஸ்திரேலியப் பூவில் தேனைத் திரும்பத் திரும்ப உறிஞ்சி எடுத்துப் பார்த்தார். செடி மறுபடி மறுபடி தேனை ஊறவைத்தது. அந்த அளவுக்கு விதை குறைந்தது.

## பறிக்கும்போது எதைப் பறிக்கிறோம்

இதிலிருந்து நடைமுறைக்கு ஒன்று கிடைக்கிறது. ‘பூப் பறித்தால் செடி அழியுமா’ என்று மொத்தமாகக் கேட்பதில் அர்த்தமில்லை. எந்தக் கணக்கிலிருந்து எடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

1. ஆவாரை, எருக்கு போன்ற பல்லாண்டுப் புதர்களில் பூ எடுத்தால் அந்த வருட விதை குறையும், தாய் நிற்கும். காய்க்காமல் மிச்சமான சத்து அடுத்த தளிருக்கும் போகலாம்.
2. ஒருபருவப் பூண்டுகளில் விதை உதிர்வதற்கு முன் சாலையோரத்தை மழித்துவிட்டால், அந்த வருட விதை மொத்தமும் போகிறது. மண்ணில் உறங்கும் பழைய விதைதான் மிச்சம். வருடாவருடம் அதே நாளில் மழித்தால் அதுவும் தீரும். கார்த்திகையில் அல்லாமல் மாசியில் மழிப்பது பெரிய வித்தியாசம்.
3. கிழங்கை எடுப்பது வேறு விஷயம்.

மூன்றாவதற்குச் செங்காந்தளே சாட்சி. மாநில மலர் என்ற பட்டம் பெற்றும், வேலியோரத்தில் அதற்கு மரியாதை கிழங்கின் விலைக்குத்தான். மழையோடு ஏறி, கார்த்திகையில் மஞ்சளாய் விரிந்து சிவப்பாய் முதிர்ந்து, காய்த்ததும் கொடி காய்ந்து மறைகிறது. கோடை முழுக்கச் செடி என்று இருப்பது மண்ணுக்குள் உள்ள கிழங்கு மட்டும்தான். அதுவும் போன வருடக் கிழங்கு அல்ல. பழையது கொடிக்கும் பூவுக்கும் செலவாகிச் சுருங்கிவிடும். பூத்த அதே பருவத்தில் மிச்சம் பிடித்த சத்தில் புதுக்கிழங்கு இரண்டு கிளையாகத் திரண்டிருக்கும். அந்த வடிவத்தைப் பார்த்துத்தான் கலப்பைக் கிழங்கு என்று பெயர் வைத்தார்கள். இரண்டு கிளைக்கும் நுனியில் ஒவ்வொரு கண். அடுத்த ஐப்பசியில் முளைவிடுவது அந்தக் கண்தான். தோண்டும்போது நுனி ஒடிந்தால், எவ்வளவு பருத்த கிழங்கானாலும் அந்தக் கிளை முளைக்காது.